செஞ்சிப் படிக்கட்டும் பல் டாக்டர் நாற்காலியும்: கழுத்து வலிக்கு யார் பொறுப்பு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் செஞ்சிக் கோட்டையில ஆரம்பிச்சு ஒரு பல் மருத்துவக் கல்லூரி கிளினிக்ல போய் முடியும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சம்பந்தப்படுத்தினது ஒரு நேயர். சொந்த ஊர் செஞ்சி பக்கத்துல ஒரு கிராமம், இப்போ பி.டி.எஸ் மூணாவது வருஷம். அவங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ்ல ரெண்டு கேள்வி இருந்துச்சு.

முதல் கேள்வி: "எங்க ஊர்க் கோட்டையைப் பத்தி ஒரு எபிசோட் போடுங்கண்ணா, ராஜா தேசிங்கு கதையைச் சொல்லிட்டு அதோட முடிச்சிடாதீங்க."

ரெண்டாவது: "கிளினிக்ல 'நேரா உட்காரு'ன்னு மேடம் தினமும் சொல்றாங்க. நேரா உட்கார்ந்தா பல்லு தெரியல. பல்லைப் பார்த்தா கழுத்து போகுது. இதுல தப்பு யார் மேல?"

தனித்தனியா ரெண்டு எபிசோட் பண்ணலாம்னுதான் தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட, ரெண்டும் ஒரே கேள்விதான்னு தோணுச்சு. ஒரு இடத்தைக் கட்டுறவங்க, அதுல வேலை செய்யப்போற உடம்பைப் பத்தி என்ன நினைச்சாங்க? அதுதான் அந்தக் கேள்வி.

உடம்பைத் தோற்கடிக்கக் கட்டின படிக்கட்டு

செஞ்சின்னா ஒரு கோட்டை இல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை, அந்த மூணையும் சேர்த்து வளைச்சுப் போகிற மதில். 2025 ஜூலையில யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்'ங்கிற பேர்ல மொத்தம் 12 கோட்டை. அதுல 11 மகாராஷ்டிராவுல இருக்கு, மகாராஷ்டிராவுக்கு வெளியில இருக்கிற ஒரே கோட்டை நம்ம செஞ்சி. சிவாஜி இதைப் பிடிச்சது 1677-ல.

ராஜகிரி ஏறினவங்களுக்குத் தெரியும். சுமார் 800 அடி உயரம். கீழ படிகள் ஓரளவுக்குச் சமமா இருக்கும். மேல போகப் போக படியோட உயரம் மாறிட்டே வரும், பாதை குறுகும், பாறை செங்குத்தாகும். ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் போகமுடியும். வாசல் மேல வாசல். கடைசியில உச்சிக்குப் பக்கத்துல ஒரு பெரிய பிளவு. அந்தக் காலத்துல அதுமேல மரப்பாலம் போட்டிருந்தாங்க. எதிரி வந்தா பாலத்தை எடுத்துட்டா போதும், அவ்வளவு தூரம் ஏறி வந்தவன் அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு இருக்க வேண்டியதுதான்.

இதை ஒரு எஞ்சினியர் கண்ணால பாருங்க. படி ஒழுங்கில்லாம இருந்தா ஏறுறவனுக்கு ஒரு தாளம் கிடைக்காது. தாளம் இல்லன்னா தொடை சீக்கிரம் சோரும். பாதை குறுகலா இருந்தா ஆயிரம் பேர் வந்தாலும் முன்னாடி நிக்கிறது ஒருத்தன்தான். கையில ஆயுதம், மேல வெயில், மூச்சு வாங்குது. மேல நிக்கிறவன் சும்மா நின்னாலே அவனுக்கு லாபம். கீழிருந்து வர்ற உடம்பைக் களைப்பாக்குறதுக்குன்னே அமைஞ்ச இடம் இது. மலை பாதி வேலையைச் செஞ்சுது, கட்டினவங்க மீதியைச் செஞ்சாங்க.

எவ்வளவு நல்லா வேலை செஞ்சுதுன்னு பார்க்கணும்னா 1690-க்குப் போகணும். சிவாஜியோட மகன் ராஜாராம் செஞ்சிக்குள்ள இருக்கார். ஔரங்கசீப்போட தளபதி சுல்ஃபிகர் கான் வெளியில முற்றுகை போடுறார். கோட்டை விழுந்தது 1698-ல. எட்டு வருஷம்! அப்பவும் ராஜாராம் தப்பிச்சுப் போயிட்டார். தளபதிக்கு உண்மையிலேயே பிடிக்கிற எண்ணம் இருந்துச்சா, உள்ளுக்குள்ள பேரம் பேசிட்டு இருந்தாரான்னு வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுறாங்க, அது தனிக்கதை. 1750 செப்டம்பர்ல புஸ்ஸியோட பிரெஞ்சுப் படை இதே கோட்டையை ஒரே ராத்திரியில பிடிச்சதும் தனிக்கதை. கல்லும் படியும் மட்டும் போதாது, காவல் காக்குற ஆளும் ஒழுங்கா இருக்கணும்னு அதுல தெரியுது.

இப்போதைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. ஒரு இடத்தோட அமைப்பு உடம்பை ஜெயிக்க வைக்கும், தோற்கடிக்கவும் செய்யும். செஞ்சியில அது தெரிஞ்சே செஞ்சது.

தேசிங்கு காலத்துல ஒரு இத்தாலி டாக்டர்

கீழ்க்கோட்டையில, கல்யாண மஹாலுக்குப் பக்கத்துல, பெரிய நெற்களஞ்சியத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதுக்கு அருகிலேயே ஒரு கட்டடம் இருக்கு, பலர் கவனிக்காமலே நடந்துடுவாங்க. தொல்லியல் துறை அதை உடற்பயிற்சிக் கூடம்னு குறிப்பிடுது. களஞ்சியத்துக்குப் பக்கத்துலயே உடற்பயிற்சிக் கூடம். நெல்லைச் சேமிச்சு வெச்ச மாதிரியே உடம்பு பலத்தையும் சேர்த்து வெச்சிருக்காங்க.

ஆனா அந்த அக்கறை சிப்பாயோட உடம்புக்கு. அந்தக் கல்லை மலை மேல ஏத்தினவங்க உடம்பு என்ன ஆச்சுன்னு எந்தக் கல்வெட்டும் சொல்லாது. இது செஞ்சிக்கு மட்டும் உள்ள குறை இல்ல. உலகம் முழுக்க அப்படித்தான். வேலை செய்றவன் உடம்புல வர்ற வலியை வேலையோட சேர்த்துப் பார்க்கணும்ங்கிற எண்ணமே ரொம்ப லேட்டா வந்தது.

அந்த எண்ணத்தைப் புத்தகமா எழுதினவர் இத்தாலியோட மோதெனா நகரத்து டாக்டர் பெர்னார்தினோ ராமசினி. வருஷம் 1700. அதாவது செஞ்சி முகலாயர் கைக்குப் போய் ரெண்டே வருஷம். தொழிலாளர்களோட நோய்கள் பத்தின புத்தகம் அது. கிட்டப் போய்ப் பார்த்து எழுதினார். நோயாளிகிட்ட வழக்கமா கேட்கிற கேள்விகளோட இன்னொரு கேள்வியையும் டாக்டர்கள் சேர்த்துக்கணும்னு சொன்னார்: நீ என்ன வேலை பார்க்கிற?

1713-ல புத்தகத்தை விரிவாக்கினப்போ எழுத்தர்களைப் பத்தியும் எழுதினார். கணக்கு எழுதுறவங்க, நகல் எடுக்கிறவங்க. அவங்க நோய்க்கு மூணு காரணம் சொன்னார். அசையாம உட்கார்ந்தே இருக்கிறது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்றது, தப்பு வந்துடக்கூடாதுன்னு மனசு இறுகிக் கிடக்கிறது. முன்னூறு வருஷம் ஆச்சு. இதை என் டீம்ல யார்கிட்ட படிச்சுக் காட்டினாலும் நம்மளைப் பத்தித்தான்னு சொல்வாங்க.

அடுத்த வருஷமே, 1714-ல, ராமசினி இறந்தார். நம்ம ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாப் படையோட சண்டை போட்டு விழுந்ததும் அதே 1714. தேசிங்குக்குக் கதைப்பாட்டு கிடைச்சுது. ராமசினி ஆரம்பிச்ச துறை ஒழுங்கா ஒரு பேர் எடுக்கவே இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 'எர்கோனாமிக்ஸ்'ங்கிற சொல்லை முதல்ல பயன்படுத்தினவர் போலந்து அறிஞர் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி, 1857-ல. வேலையை உடம்புக்குப் பொருத்துறது, இதுதான் அந்தச் சொல்லோட சாரம். செஞ்சிப் படிக்கட்டை அப்படியே தலைகீழாத் திருப்பினா எர்கோனாமிக்ஸ்.

பாரிஸ்ல ஒரு நாற்காலி

இப்போ பல்லுக்கு வருவோம். நவீன பல் மருத்துவத்தோட தந்தைன்னு சொல்லப்படுறவர் பிரான்ஸ் நாட்டு பியேர் ஃபோஷார். அவரோட பல் அறுவை மருத்துவர் பத்தின பெரிய புத்தகம் 1728-ல பாரிஸ்ல வந்தது. ரெண்டு தொகுதி.

அவருக்கு முன்னாடி பல் பிடுங்குறது எப்படி இருந்துச்சுன்னா, நோயாளியைத் தரையில உட்கார வைப்பாங்க. தலையைத் தன் ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மேலிருந்து குனிஞ்சு பிடுங்குவாங்க. ஃபோஷார் இதைக் கண்டிச்சார். நோயாளிக்கு அது அசௌகரியம், அசுத்தம், கர்ப்பிணிகளுக்கு ஆபத்துன்னார். ஆடாத, கை வெச்ச நாற்காலியில உட்கார வைங்கன்னு எழுதினார்.

நல்ல மாற்றம், சந்தேகமே இல்ல. ஆனா கவனிங்க. அவர் சொன்ன காரணம் எல்லாம் நோயாளிக்காக. டாக்டர் என்ன பண்ணணும்? பக்கத்துல நிக்கணும், வேணும்னா பின்னாடி போகணும், குனியணும், வளையணும். அதாவது நாற்காலி நிலையா இருக்கும், டாக்டர் உடம்புதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். இந்த ஒரு முடிவு அடுத்த இருநூறு வருஷத்துக்கு நிலைச்சுது.

ஃபோஷார் இறந்தது 1761-ல. புதுச்சேரியும் செஞ்சியும் பிரெஞ்சுக்காரங்க கையை விட்டு ஆங்கிலேயர்கிட்ட போன அதே வருஷம்.

இருநூறு வருஷம் நின்ன உடம்பு

அதுக்கப்புறம் நாற்காலி வளர்ந்துகிட்டே போச்சு. 1790-ல அமெரிக்காவுல ஜோசயா ஃப்ளாக் சாதாரண மர நாற்காலியில தலைச்சாய்வு வெச்சார். 1832-ல இங்கிலாந்துல ஜேம்ஸ் ஸ்னெல் சாய்ற நாற்காலி செஞ்சார். 1871-ல மாரிசன்ங்கிறவர் காலால மிதிக்கிற துளைக்கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம ஊர் தையல் மெஷின் மாதிரி மிதி. ஆனா தையல்காரர் உட்கார்ந்து மிதிப்பார். பல் டாக்டர் நின்னுகிட்டே மிதிக்கணும். ஒரு கால்ல முழு உடம்பு, இன்னொரு கால் மிதிக்குது, கை ஒரு நூல் அளவுகூட நடுங்கக்கூடாது, கண்ணு வாய்க்குள்ள. சொல்லும்போதே இடுப்பு வலிக்குது. அப்புறம் மின்சாரம் வந்து மிதியைத் தூக்கிடுச்சு. நிக்கிறதை மட்டும் தூக்கலை.

இந்தியாவுல முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவுல 1920-ல தொடங்கினார். நம்ம சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியோட ஒரு பிரிவா ஆரம்பமாச்சு. உலகம் முழுக்க டாக்டர்கள் நின்னுகிட்டே வேலை செஞ்ச காலம் அது.

அப்படி நின்னதுக்கு விலை என்ன? 1946-ல பில்லர்ங்கிறவர் அமெரிக்காவுல வெளியிட்ட கணக்குப்படி 65 சதவீதம் பல் டாக்டர்களுக்கு முதுகு வலி. கால் நரம்பு சுருட்டிக்கிறது, பாதம் தட்டையாகுறது எல்லாம் தொழிலோட சேர்ந்த விஷயமாவே பார்த்தாங்க.

உட்கார்ந்தாச்சு, வலி போச்சா?

1957-ல ஒரு பெரிய திருப்பம். ஜான் போர்டன்ங்கிற அமெரிக்க பல் டாக்டர் காத்தழுத்தத்துல சுத்துற துளைக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நிமிஷத்துக்கு சுமார் 3 லட்சம் சுற்று. நீங்க டாக்டர்கிட்ட போனா 'க்ய்ங்'னு கேட்குமே, அந்தச் சத்தம். இதுக்கு அழுத்தமே தேவையில்ல, தொட்டா போதும். அழுத்த வேண்டியதில்லன்னா உடம்பு எடையைப் போட்டு நிக்கவும் வேண்டியதில்ல.

அடுத்த வருஷமே, 1958-ல, நோயாளியை முழுசாப் படுக்க வைக்கிற நாற்காலி வந்துடுச்சு. 1960-களில டாக்டரும் உதவியாளரும் ரெண்டு பக்கமும் உட்கார்ந்து நாலு கையால வேலை செய்ற முறை பரவுச்சு. இனி பல் டாக்டர் நிக்க வேண்டாம். பிரச்சினை தீர்ந்ததுன்னு எல்லாரும் நம்பினாங்க.

இப்போ அடுத்த எண்ணைக் கேளுங்க. 2009-ல ஹேய்ஸும் அவரோட சக ஆய்வாளர்களும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. பல் மருத்துவத் துறையில இருக்கிறவங்கள்ல தசை, எலும்பு, மூட்டு சார்ந்த வலி 64-லேர்ந்து 93 சதவீதம் வரைக்கும்.

நின்ன காலத்துல 65. உட்கார்ந்த காலத்துல 64-லேர்ந்து 93. ரெண்டும் ஒரே மாதிரி அளந்தது இல்ல, அதனால நேரடியாக் கழிச்சு 'கூடிடுச்சு'ன்னு சொல்லக்கூடாது. ஆனா குறையலைங்கிறது தெளிவு. வலி இடம் மாறுச்சு, அவ்வளவுதான். கால் தப்பிச்சுது. கழுத்தும் தோளும் மாட்டிக்கிச்சு.

ஏன்? நாற்காலி மாறுச்சு, பல்லு அதே இடத்துலதான் இருக்கு. வாய்ங்கிறது ஒரு சின்ன இருட்டு அறை. அதுல கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பார்க்கணும்னா கண்ணு அங்க போகணும். கண்ணு போனா தலை போகும். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்னு சொல்றோம். அந்தச் சிரசோட எடை சுமார் 5 கிலோ. நேரா இருந்தா முதுகெலும்பு அதைச் சுலபமாத் தாங்கும். முன்னாடி சாஞ்சா நெம்புகோல் கணக்கு ஆரம்பிக்குது. 2014-ல ஹன்ஸ்ராஜ்ங்கிற அமெரிக்க அறுவை மருத்துவர் கணினி மாதிரி வெச்சுப் போட்ட கணக்குப்படி, 30 டிகிரி குனிஞ்சா கழுத்துல வர்ற சுமை 18 கிலோ மாதிரி, 60 டிகிரியில 27 கிலோ மாதிரி. அவர் அதை மொபைல் பார்க்கிறவங்களுக்காகப் போட்டார். கழுத்துல கருவி வெச்சு அளந்த எண் இல்ல, ஆனா எந்தத் திசையில போகுதுன்னு புரியும்.

நாம மொபைல்லேர்ந்து எப்போ வேணும்னாலும் தலையை எடுக்கலாம். சுத்துற துளைக்கருவியை ஒருத்தர் பல்லுக்குள்ள வெச்சிருக்கிறவங்களால எடுக்க முடியாது. அசையாம இறுகி நிக்கிற தசைக்குள்ள ரத்த ஓட்டம் குறையும். நடக்கிறவனோட தசை சுருங்கி விரியும், ரத்தம் போய் வரும். அசையாம குனிஞ்சவனோட தசை சுருங்கினது சுருங்கினபடியே இருக்கும். அதனாலதான் மலை ஏறினவனுக்கு ரெண்டு நாள்ல சரியாகுற வலி, இவங்களுக்கு வருஷக்கணக்கா நிக்குது.

படிக்கும்போதே ஏன் ஆரம்பிக்குது?

எனக்கு அதிர்ச்சியா இருந்தது இதுதான். இது இருபது வருஷம் வேலை பார்த்தவங்க பிரச்சினைன்னு நினைப்போம். 2005-ல கலிஃபோர்னியாவுல பல் மருத்துவ மாணவர்களை வெச்சு ரைசிங் குழுவினர் செஞ்ச ஆய்வுல, உடம்பு வலி சொன்ன மாணவர்கள் 46-லேர்ந்து 71 சதவீதம். படிப்பு வருஷம் ஏற ஏற சதவீதமும் ஏறுது. அதாவது டிகிரி வாங்குறதுக்கு முன்னாடியே வலி வந்துடுது.

நம்ம ஊர் பி.டி.எஸ்-ல என்ன நடக்குதுன்னு பாருங்க. ரெண்டாவது வருஷம் பொம்மைத் தலையில பயிற்சி. பொம்மைக்கு வலிக்காது, கூசாது, எச்சில் வராது. மூணாவது வருஷம் நிஜ நோயாளி. பயம். கை நடுங்கக்கூடாதுன்னு தோளை மேல தூக்கி இறுக்கிக்கிறாங்க. ராமசினி சொன்ன மூணாவது காரணம் ஞாபகம் இருக்கா? மனசு இறுகுறது. அது நேரா தோள்ல போய் உட்காருது.

அடுத்தது கண்ணாடி. பல் டாக்டர் கையில சின்ன வட்டக் கண்ணாடி ஒன்னு இருக்கும். மேல்தாடைப் பல்லை அதுல பிம்பமாப் பார்த்து வேலை செஞ்சா குனியவே வேண்டாம். ஆனா பிம்பத்துல எல்லாம் மாறித் தெரியும். கையை முன்னாடி கொண்டுபோனா கண்ணாடியில பின்னாடி போகும். பழக மாசக்கணக்காகும். அதுக்குள்ள கோட்டா முடிக்கணும். இத்தனை ஃபில்லிங், இத்தனை பல் பிடுங்கல், இத்தனை பல்செட். காத்திருக்கிற நோயாளி பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிறார், கையெழுத்துப் போட வேண்டிய மேடம் ரவுண்ட்ஸ்ல இருக்காங்க. அந்த நேரத்துல யாரு கண்ணாடியைப் பழகுவாங்க? குனிஞ்சா தெரியுது, குனிஞ்சு முடிச்சிடுவாங்க. அப்படிக் குனிஞ்சதுதான் பழக்கமாகுது.

அதுக்கு மேல, நாலு கை முறைன்னு சொன்னேனே, மாணவருக்கு நிரந்தர உதவியாளர் யாரு? பெரும்பாலும் ரெண்டு கைதான். எச்சில் உறிஞ்சுற குழாயை ஒரு கையில பிடிச்சுகிட்டு, கருவியை எட்டி எடுக்க இடுப்பைத் திருப்பிகிட்டு... இன்னைக்கு பி.டி.எஸ் வகுப்புல பெண்கள்தான் அதிகம். ஸ்டூலை எவ்வளவு இறக்கினாலும் சிலருக்குப் பாதம் தரையில முழுசாப் படியாது. இடது கைக்காரங்க பாடு இன்னும் மோசம். நாற்காலி, விளக்கு, கருவித்தட்டு எல்லாம் வலது கைக்காரருக்குன்னு ஒரு பக்கமா வெச்சிருக்கும்.

இப்போ சொல்லுங்க, இது ராஜகிரி படிக்கட்டு மாதிரி இல்லையா? செஞ்சியில எதிரியோட உடம்பைச் சோர வைக்க தெரிஞ்சே கட்டினாங்க. இங்க நம்ம பிள்ளைங்க உடம்பை, யாரும் கெட்டது நினைக்காமலே, அதே மாதிரி சோர வைக்கிறோம்.

யூசர் தப்பா, டிசைன் தப்பா?

எங்க வேலையில ஒரு பாடம் உண்டு. ஒருத்தர் தப்பான பட்டனை அழுத்தினா அது யூசர் தப்பு. பத்தாயிரம் பேர் அதே தப்பான பட்டனை அழுத்தினா அது டிசைன் தப்பு. முக்கால்வாசிப் பேருக்கு ஒரே இடத்துல வலிக்குதுன்னா, "நேரா உட்காரு"ங்கிறது தீர்வாகாது.

1993-ல நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துல மெக்அட்டாம்னி, கார்லெட்னு ரெண்டு பேர் 'ரூலா'ன்னு ஒரு முறையைக் கொண்டுவந்தாங்க. வேலை செய்றவரைப் பக்கவாட்டுல பார்த்து மார்க் போடுறது. கை, மணிக்கட்டு, கழுத்து, உடம்புன்னு ஒவ்வொன்னுக்கும் புள்ளி. கழுத்து 20 டிகிரிக்கு மேல குனிஞ்சா புள்ளி கூடும். ஒரே நிலையில ஒரு நிமிஷத்துக்கு மேல இருந்தா இன்னும் ஒன்னு கூடும். கடைசி மார்க் 1-லேர்ந்து 7 வரை. 1, 2 வந்தா பரவாயில்ல. 7 வந்தா உடனே மாத்தணும். இன்னைக்கு உலகம் முழுக்க, நம்ம தமிழ்நாட்டுக் கல்லூரிகள்லயும், பல் மருத்துவ மாணவர்களை இதை வெச்சு அளக்கிறாங்க.

எனக்கு இதுல பிடிச்சது ஒன்னு. 7 வந்தா மாத்தணும்னு சொல்றது வேலையை, ஆளை இல்ல.

அப்படி மாத்திப் பார்த்திருக்காங்களா? பார்த்திருக்காங்க. 2007-ல இங்கிலாந்துல, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து ரெண்டாம் வருஷ பல் மருத்துவ மாணவர்கள் 60 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான ஸ்டூல். இன்னொரு குழுவுக்குக் குதிரைச் சேணம் மாதிரி ஸ்டூல். அதுல உட்கார்ந்தா தொடை சரிவா இறங்கும், இடுப்பு தானா நிமிரும். ரூலா மார்க் போட்டுப் பார்த்தா சேண ஸ்டூல் குழுவுக்கு ஆபத்து கணிசமாக் குறைஞ்சிருந்தது. சின்ன முன்னோட்ட ஆய்வுதான். ஆனா அந்த மாணவர்கள் திடீர்னு ஒழுக்கமா மாறலை, அவங்க கீழ இருந்த சீட் மாறுச்சு.

இதைவிட ஆழமா யோசிச்சவர் ஒருத்தர் இருக்கார். டேரில் பீச். ஜப்பான்ல வேலை செஞ்ச அமெரிக்க பல் டாக்டர். அவர் ஃபோஷாரோட கேள்வியையே திருப்பிப் போட்டார். நோயாளி எங்க இருக்கணும்னு ஆரம்பிக்காம, வேலை செய்றவர்கிட்டேர்ந்து ஆரம்பிச்சார். கண்ணை மூடிக்கோங்க, வசதியா உட்காருங்க, ஒரு நுணுக்கமான வேலை செய்றதா நினைச்சுகிட்டு விரல் எங்க இயல்பா வந்து நிக்குதுன்னு பாருங்க. ஊசியில நூல் கோக்கும்போது கையை எங்க வெப்பீங்களோ அங்க, நெஞ்சுக்கு முன்னாடி, முழங்கை உடம்பை ஒட்டி. அந்த இடத்துக்கு நோயாளியோட வாயைக் கொண்டு வாங்கன்னார். ஜப்பானோட மோரிட்டா நிறுவனம் அவர் யோசனையை வெச்சு 1964-ல 'ஸ்பேஸ்லைன்'ங்கிற படுக்கை மாதிரி யூனிட்டைக் கொண்டு வந்தது.

இருநூறு வருஷத்துல முதல் தடவையா டாக்டர் உடம்பு நிலையா இருக்கு, மத்ததெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி நகருது.

செஞ்சியிலேயே இதுக்கு ஒரு சாதாரண உதாரணம் உண்டு. அறுவடை சமயத்துல செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனீங்கன்னா நெல் மூட்டை அடுக்கடுக்கா இருக்கும். சுமைதூக்கும் தொழிலாளிகள் அதை முதுகுல ஏத்திகிட்டே இருப்பாங்க. அவங்க முதுகைக் காப்பாத்த எது நல்ல வழி? "சரியாத் தூக்குங்க"ன்னு போர்டு மாட்டுறதா, மூட்டையைச் சின்னதாக்குறதா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லயே ஒரு ஆண் தூக்குற சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாதுன்னு பரிந்துரை செஞ்சுது. சுமைக்கு வரம்பு போடுறதுதான் முதல் வேலை, எப்படித் தூக்குறதுன்னு சொல்லித் தர்றது அடுத்தது.

சரி, நாளைக்குக் காலையில என்ன செய்றது?

டிசைன் மாறுற வரைக்கும் கழுத்து காத்திருக்காது. அதனால நேயருக்கும், அவங்களை மாதிரி புதுச்சேரியில, சிதம்பரத்துல, சென்னையில படிக்கிற எல்லாருக்கும், துறை சார்ந்தவங்க எழுதினதுலேர்ந்து திரட்டினது இது.

முதல்ல நீங்க உட்காருங்க, அப்புறம் நோயாளியை வைங்க. நாம வழக்கமா தலைகீழாச் செய்றோம். உங்க பாதம் தரையில, முழங்கை உடம்பை ஒட்டி. அந்த உயரத்துக்கு நாற்காலியை ஏத்துங்க, இறக்குங்க.

நோயாளியோட தலையைத் திருப்பச் சொல்லுங்க. மேல்தாடைன்னா முகவாயைத் தூக்கணும், கீழ்த்தாடைன்னா இறக்கணும். அவர் ஒரு தடவை தலையைத் திருப்பினா நீங்க அரை மணி நேரம் குனிய வேண்டாம். கேட்கத் தயங்காதீங்க. சொன்னா யாரும் மாட்டேன்னு சொல்லமாட்டாங்க.

ஒரே இடத்துல ஒட்டிக்காதீங்க. நோயாளியோட தலையைக் கடிகாரம்னு நினைச்சா, வலது கைக்காரங்களுக்கு 9-லேர்ந்து 12 மணி வரைக்கும் இடம் இருக்கு. நிறைய பேர் 9-லேயே உட்கார்ந்து வளையுறாங்க. பல்லுக்கு ஏத்த மாதிரி ஸ்டூலோட நகருங்க.

கண்ணாடியைப் பொம்மைத் தலையிலேயே பழகி முடிச்சிடுங்க. நிஜ நோயாளி வந்தப்புறம் நேரம் கிடைக்காது. ஒவ்வொரு கேஸுக்கும் நடுவுல எழுந்து, குனிஞ்சதுக்கு எதிர்த் திசையில ஒரு தடவை வளைஞ்சு நிமிருங்க. கை மரத்துப்போனா, வலி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தா, தைலம் தடவிட்டு விட்டுடாதீங்க, டாக்டரைப் பாருங்க. நீங்களே டாக்டராகப் போறவங்க, இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

கல்லூரி நடத்துறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, ஒரு கோரிக்கை. பாடத்திட்டத்துல எர்கோனாமிக்ஸ் ஒரு வகுப்பா வந்துட்டுப் போகுது. அதை மார்க் ஷீட்டுக்குக் கொண்டுவாங்க. ஃபில்லிங் எப்படி இருக்குன்னு மார்க் போடும்போது, அதைச் செஞ்சவர் எப்படி உட்கார்ந்திருந்தார்னும் மார்க் போடுங்க. வேற வேற உயரத்துக்கு ஏத்த ஸ்டூல் வாங்குங்க. இடது கைக்காரங்களுக்கு ஒரு யூனிட்டாவது ஒதுக்குங்க. ஒரு பல் டாக்டர் உருவாக அஞ்சு வருஷம் ஆகுது. அவங்க நாற்பது வயசுல கழுத்துப் பட்டை போட்டுகிட்டு வேலை நேரத்தைக் குறைச்சா, அந்த நஷ்டம் அவங்களுக்கு மட்டும் இல்ல. ஊர்ல ராத்திரி பல் வலியில தவிக்கிற எல்லாருக்கும்தான்.

நேயருக்கு நேரடியா ஒரு வரி: தப்பு உங்க மேல இல்ல. ஆனா கழுத்து உங்களோடது, அதனால அவங்க மாத்துற வரைக்கும் காத்திருக்காதீங்க.

இந்த வாரம் ஒரு வேலை. பல் மருத்துவ மாணவரோ, ஐ.டி.யோ, தையலோ, எதுவா இருந்தாலும் சரி. வேலை மும்முரத்துல இருக்கும்போது உங்களுக்குத் தெரியாம பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி நண்பர்கிட்ட சொல்லி வைங்க. ரூலா மார்க் ஷீட்டை எடுத்து நீங்களே மார்க் போட்டுப் பாருங்க. 5-க்கு மேல வந்தா முதல்ல மேஜை, நாற்காலி, ஸ்கிரீன், வெளிச்சம், இதுல எதை நகர்த்தலாம்னு பாருங்க. கடைசியா உங்களைத் திட்டிக்கோங்க.

அடுத்த எபிசோடும் செஞ்சிதான். கல்யாண மஹாலுக்குக் குழாய் வழியாத் தண்ணி எப்படிப் போச்சுன்னு பேசலாம். அதுவரைக்கும், நிமிர்ந்து கேளுங்க.